தண்டனையோடு கடமை தீருமா?

கொடுங் குற்றம் ஒன்று நிகழ்ந்த செய்தி பத்திரிகைகளில் வெளியானதும் ஜனங்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். குற்றவாளி பிடிபட்டானா? அவனுக்கு என்ன தண்டனை கிடைக்கும்? இவை இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் மூன்றாவது கேள்வி ஒன்றும் உண்டு. அக்குற்றத்துக்கு இலக்கானவர் பின்னர் என்ன ஆனார் என்பதே அது. அதை நம்மில் அநேகர் கேட்பதில்லை. தீர்ப்பு வெளியான அன்று திருப்தியுடன் பத்திரிகையை மடித்து வைத்துவிடுகிறோம். குற்றவாளி சிறைக்குப் போகிறான். நீதிபதி அடுத்த வழக்கை எடுத்துக் கொள்கிறார். துன்புற்றவரோ தம்முடைய இரவுகளுடன் தனித்து விடப்படுகிறார். அந்த மூன்றாவது கேள்விக்கு விடை காண்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் சிலர் இருக்கிறார்கள். குற்றத்தாலும் கொடுமையாலும் மனம் புண்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்யும் மனோவைத்தியர்களைப் பற்றியும், அவர்களுக்கு இத்தேசம் செய்ய வேண்டியதைப் பற்றியும் இன்று சில வார்த்தைகள் கூற விரும்புகிறோம்.

உடலில் பட்ட காயம் ஆறிய பின்னரும் உள்ளத்தில் பட்ட காயம் ஆறாதிருப்பதுண்டு. மாதங்கள் சென்றும் பின்னால் கேட்கும் காலடியோசைக்கு உடல் நடுங்குகிறது. நடந்து முடிந்த சம்பவம் நினைவாக வராமல், இந்த நிமிஷமே நடப்பதுபோல் கண்முன் வந்து நிற்கிறது. தூக்கம் ஒழிகிறது. குற்றம் செய்தவன் வெட்கப்பட வேண்டியிருக்க, குற்றத்துக்கு ஆளானவர் வெட்கப்பட்டு மூலையில் ஒடுங்குகிறார். இது கோழைத்தனமோ பலவீனமோ அல்ல. இது ஒரு நோய்.

இவ்வுண்மையை உலகம் எளிதில் ஒப்புக்கொண்டு விடவில்லை. முதல் உலக யுத்தத்தில் பீரங்கிகளின் நடுவே இருந்து மனம் சிதறிய சிப்பாய்களைப் பற்றி சார்லஸ் மையர்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் 1915இல் எழுதினார். ஆயினும் அதே யுத்தத்தில் ஓடிப்போனவர்கள், கோழைகள் என்பன போன்ற குற்றங்களைச் சுமத்தி பிரிட்டிஷ் ராணுவம் தன் சிப்பாய்கள் பலரைச் சுட்டுக் கொன்றது. அவர்களில் சிலர் மனம் புண்பட்டவர்கள் என்பது பின்னர் உணரப்பட்டது. 306 பேருக்கு 2006இல்தான் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் மன்னிப்பு வழங்கிற்று. தொண்ணூறு ஆண்டுகள் கழித்து வந்த மன்னிப்பால் மாண்டவர்களுக்கு என்ன பயன்?

போர்வீரர்களுக்கே இந்தக் கதி என்றால் பெண்களைப் பற்றிக் கேட்பானேன்? அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், ஆன் பர்ஜஸ் என்ற தாதியியல் ஆசிரியையும் லிண்டா ஹோம்ஸ்ட்ராம் என்ற சமூக சாஸ்திரியும் 1972இல் ஒரு காரியத்தில் இறங்கினார்கள். பலாத்காரத்துக்கு உள்ளான ஒருவர் அங்கு வந்து சேர்ந்தால், இரவோ பகலோ, டெலிபோனில் தங்களுக்குத் தெரிவிக்கச் சொன்னார்கள். உடனே சென்று அருகில் அமர்ந்தார்கள். ஓராண்டில் 146 பேரை அவ்வாறு கண்டு, 1974இல் தங்கள் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். வெவ்வேறு வயதும் வாழ்க்கையும் உடையவர்களிடம் ஒரே விதமான துன்பம் காணப்பட்டது. வியட்நாம் யுத்தத்திலிருந்து திரும்பிய வீரர்களின் துன்பமும் அதைப் பெரிதும் ஒத்திருந்தது. 1980இல் அமெரிக்க மனோவைத்தியர் சங்கம் இந்நோயைத் தன் அட்டவணையில் சேர்த்துக் கொண்டது.

இந்த வைத்தியர் செய்யும் வேலை யாது? துன்புற்றவரை உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் கொட்டச் சொல்வதுதான் சிகிச்சை என்று பலர் எண்ணுகிறார்கள். இது பெருந்தவறு. சம்பவம் நடந்தவுடன் ஒரே அமர்வில் அனைத்தையும் சொல்ல வைக்கும் முறை நோயைத் தடுப்பதில்லை என்று பரீட்சைகளில் தெரிந்துவிட்டது. பிரிட்டனின் வைத்திய நெறிமுறை 2018இல் அதை வெளிப்படையாகவே விலக்கியிருக்கிறது. ஜூடித் ஹெர்மன் என்ற அமெரிக்க வைத்தியர் 1992இல் வெளியிட்ட நூலில் மூன்று படிகளைக் குறித்திருக்கிறார். முதலாவது, அபயம். துன்புற்றவர் படுக்கும் இடத்திலும், உண்ணும் உணவிலும், தம் உடலிலும் பத்திரமாக இருக்கிறோம் என்ற உணர்ச்சி திரும்ப வேண்டும். இரண்டாவது, நினைவு கூர்ந்து துக்கம் காத்தல். சொல்லத் தகுந்த நேரத்தையும் அளவையும் துன்புற்றவரே தீர்மானிக்கிறார். வைத்தியர் உடன் வருகிறார். மூன்றாவது, மனிதரோடும் தொழிலோடும் உலகத்தோடும் மறுபடியும் சேர்தல். குற்றம் செய்தவன் அவரிடமிருந்து பறித்தது தன் காரியத்தைத் தானே தீர்மானிக்கும் அதிகாரத்தை. அதைத் திருப்பிக் கொடுப்பதே சிகிச்சையின் உயிர்நாடி.

இங்கே நம் பொதுஜன ஊழியர்களுக்கும், நம்மைப் போன்ற பத்திரிகைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. எங்கேனும் ஓர் அக்கிரமம் நடந்தால் நாம் கூட்டமாக அந்த வீட்டுக்குப் போகிறோம். என்ன நடந்தது என்று ஒவ்வொருவரும் கேட்கிறோம். பத்தாவது மனிதருக்குப் பத்தாவது தடவையாகச் சொல்லும் அந்தத் தாய் அல்லது சிறுமி, பத்து முறை அந்தக் கொடுமைக்குள் தள்ளப்படுகிறாள். நம் நோக்கம் நல்லதாயிருக்கலாம். வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுகிறவன் நல்லெண்ணத்தோடு பாய்ச்சினால் வலி குறைந்துவிடுமா? வாசலில் நின்று, என்ன உதவி தேவை என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பும் கட்டுப்பாட்டை நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

நியாயஸ்தலங்கள் இவ்வைத்தியர்களிடம் கற்க வேண்டியது இதனினும் அதிகம். மஹாராஷ்டிரத்தில் 1972இல் ஒரு காவல் நிலையத்துக்குள்ளேயே ஆதிவாசிப் பெண் ஒருத்தி கெடுக்கப்பட்டாள். அவள் உடலில் காயமில்லை, எதிர்த்ததற்கு அடையாளமில்லை என்ற காரணங்களைக் கூறி சுப்ரீம் கோர்ட் 1978இல் போலீஸாரை விடுதலை செய்தது. மறு ஆண்டு நான்கு சட்ட ஆசிரியர்கள் பிரதம நீதிபதிக்கு எழுதிய பகிரங்கக் கடிதம் நாட்டைக் கிளப்பிற்று. 1983இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் தீர்ப்பின் பிழை எத்தகையது என்பதை மனோவைத்தியம் பின்னர் இன்னும் தெளிவாக்கியது. பயம் எல்லை மீறும்போது உடல் மரம்போல் விறைத்துப் போகிறது. கையும் எழாது, குரலும் எழாது. ஸ்டாக்ஹோம் நகரில் பலாத்காரத்துக்குப் பின் சிகிச்சைக்கு வந்த 298 பெண்களை விசாரித்ததில், 100க்கு 70 பேர் அந்நிலைக்கு உள்ளானவர்கள் என்று 2017இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது. எதிர்க்காமை சம்மதமன்று என்பதற்கு வேறு சாட்சியம் எதற்கு? பெண்ணின் கண்ணியத்தைக் கெடுத்துவந்த 'இருவிரல் பரிசோதனை'யை சுப்ரீம் கோர்ட் 2013இல் கண்டித்தது. அதன் பின்னும் அது ஒழியாததால், அதைச் செய்வோர் நடத்தை தவறியவராவர் என்று 2022இல் கூற வேண்டியதாயிற்று. சட்டம் மாறினாலும் வழக்கம் மாறச் சுணங்குகிறது என்பதற்கு இது ஓர் உதாரணம்.

குழந்தைகள் விஷயத்தில் நம் சட்டம் பெரிதும் முன்னேறியிருக்கிறது. 2012ஆம் வருஷத்துப் போக்ஸோ சட்டப்படி, குழந்தையின் வாக்குமூலத்தை வாங்கும் போலீஸ் அதிகாரி உடுப்பணிந்து வரலாகாது. சாட்சியம் சொல்லும்போது குற்றஞ் சாட்டப்பட்டவன் அதன் கண்ணில் படலாகாது. கோர்ட்டுக்கு அதை அடிக்கடி அழைக்கலாகாது. கூடியவரை ஓராண்டுக்குள் விசாரணை முடிய வேண்டும். இவை யாவும் மெச்சத் தக்கவை. ஆனால் இதே சட்டம் மனோவைத்தியருக்கு ஒரு தர்மசங்கடத்தையும் உண்டாக்குகிறது. குழந்தைக்கு நேர்ந்த குற்றத்தை அறிந்தவர் யாராயினும் போலீஸுக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் தண்டனை உண்டு. பல வாரங்கள் மௌனமாயிருந்த ஒரு சிறுமி ஒருநாள் வாய் திறந்து, "யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்" என்று கெஞ்சுகிறாள் என்று வைத்துக் கொள்வோம். குற்றவாளி அவளுடைய வீட்டிலேயே இருப்பவனாகவும் இருக்கலாம். சொல்லாவிட்டால் கொடுமை தொடரும். சொன்னால் அவள் வைத்த நம்பிக்கை உடையும். இந்த விதியை எடுத்துவிட வேண்டும் என்பது நம் அபிப்பிராயமன்று. குடும்ப மானத்தின் பெயரால் குழந்தைகளைப் பலியிட்ட மௌனத்தை உடைக்கவே அது ஏற்பட்டது. ஆனால், அறிக்கை கொடுத்த மறுநாள் அக்குழந்தையின் கையைப் பிடித்துக் கொள்ள ஆள் வேண்டாமா? போலீஸைக் கட்டாயமாக்கிய சட்டம், சிகிச்சையையும் அதே உறுதியுடன் கட்டாயமாக்குவதுதானே முறை?

சிகிச்சை பெற்ற சாட்சி சொல்லிக் கொடுக்கப்பட்ட சாட்சியாகி விடுவார், ஆகவே வழக்கு முடியட்டும் என்று சொல்பவர்கள் உண்டு. கால் முறிந்தவனிடம், வழக்கு முடிந்த பிறகு கட்டுப் போடலாம் என்று யாராவது கூறுவார்களா? இங்கிலாந்தில் அரசாங்க வழக்குத் துறையே 2022இல் வெளியிட்ட நெறிமுறையில், வழக்கை முன்னிட்டுச் சிகிச்சையைத் தாமதிக்கலாகாது என்று கூறியிருக்கிறது. நம் நாட்டிலும் அத்தகைய திட்டமான விதி வேண்டும்.

நம் நாட்டில் நல்ல முயற்சிகள் இல்லாமலில்லை. பம்பாயில் பாந்த்ரா பகுதியிலுள்ள நகரசபை ஆஸ்பத்திரியில், சேஹாத் என்னும் ஸ்தாபனமும் நகரசபையும் சேர்ந்து 2000த்தை ஒட்டி 'திலாஸா' என்ற பகுதியைத் தொடங்கின. அச்சொல்லுக்கு ஆறுதல் என்பது பொருள். தீப்பட்டோ, விஷம் அருந்தியோ, அடிபட்டோ வரும் பெண்ணின் காயத்துக்கு மட்டும் மருந்திட்டு அனுப்பாமல், காயத்தின் காரணத்தையும் கேட்பது அங்கே வைத்தியத்தின் ஓர் அங்கம். 2015 முதல் மத்திய சர்க்கார் ஜில்லாதோறும் அமைத்துவரும் ஒரு-நிலைய உதவி மையங்களில், வைத்தியம், போலீஸ், சட்டம், மன ஆலோசனை, தங்குமிடம் ஆகியவை ஒரே கூரையின் கீழ் கிடைக்க வேண்டும் என்பது திட்டம். திட்டம் சிறந்ததே. ஆனால் அங்கே தங்குவதற்கு வகுத்த காலம் பொதுவாக ஐந்து நாள். இந்நோய்க்குரிய சிகிச்சைக்கோ சாதாரணமாக 8 முதல் 12 அமர்வுகள் வேண்டும். ஐந்து நாளில் அடைக்கலம் கொடுக்கலாம், ஆற்றுவது எப்படி?

ஆற்றுகிறவர்களின் தொகையும் சொற்பம். நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் 2015-16இல் நடத்திய தேசிய ஆய்வின்படி, மனோவியாதி உள்ளவர்களில் வியாதியின் வகையைப் பொறுத்து 100க்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சை பெறாதிருந்தனர். இருக்கும் ஆலோசகர்களிலும் பலர் ஒப்பந்த ஊழியர்கள். நாள்தோறும் பிறர் துயரத்தைக் கேட்கும் தொழில் கேட்பவரையும் தொடாமல் விடாது. வைத்தியருக்கும் தூக்கம் கெடுவதுண்டு. தம் பிள்ளையைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பவும் அஞ்சுவதுண்டு. இதை அமெரிக்க மனோதத்துவ நிபுணர்கள் 1990இலேயே பெயரிட்டு விளக்கினார்கள். மூத்த வைத்தியரின் மேற்பார்வையும், அளவான நோயாளிகளும், உரிய ஓய்வும் இல்லாவிடில் அவர்கள் வேலையை விட்டுச் செல்வார்கள். அல்லது கல்லாகி விடுவார்கள். ஆலோசகர் மாறும்போதெல்லாம் துன்புற்றவர் தம் கதையை ஆதியிலிருந்து தொடங்க வேண்டும்.

நம் குடும்பங்களும் கோயில்களும் செய்யாத ஆறுதலையா இவர்கள் செய்யப் போகிறார்கள் என்று சிலர் கேட்கலாம். உற்றார் உறவினரின் அன்புக்கு ஈடான மருந்தில்லை என்பதை எந்த மனோவைத்தியரும் மறுக்கமாட்டார். ஆனால் குற்றம் குடும்பத்துக்குள்ளேயே நிகழ்ந்தால்? 'நடந்ததை மறந்துவிடு, வெளியில் தெரிந்தால் மானம் போகும்' என்பதே அக்குடும்பம் தரும் ஆறுதலானால்? அப்போது பாதிக்கப்பட்டவர் எங்கே போவது?

ஆகவே சர்க்கார் செய்ய வேண்டியவை தெளிவானவை. பலாத்காரம் போன்ற சில கொடுங் குற்றங்களுக்கு ஆளானவர்களுக்கு இலவச வைத்தியம் அளிக்க வேண்டுமென்று சட்டம் 2013 முதல் ஆஸ்பத்திரிகளுக்குக் கட்டளையிடுகிறது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த புதிய நடைமுறைச் சட்டத்திலும் அக்கட்டளை இருக்கிறது. அவ்வைத்தியத்தில் மனத்தின் வைத்தியமும் அடங்கும் என்று விதிகளில் ஐயமற எழுத வேண்டும். ஜில்லா ஆஸ்பத்திரிதோறும் பயிற்சி பெற்ற மனோவைத்தியர் ஒருவரை நிரந்தர உத்தியோகத்தில் அமர்த்த வேண்டும். பெண்களுக்கு மட்டுமன்றி, கலகங்களில் கடையையும் வீட்டையும் இழந்த ஆண்களுக்கும், கொலையுண்டவரின் பிள்ளைகளுக்கும் அந்த வாசல் திறந்திருக்க வேண்டும்.

நமது கடமை இதனினும் எளிது. அடுத்த முறை ஓர் அக்கிரமத்தைக் கண்டித்து நாம் தீர்மானம் நிறைவேற்றும்போது, குற்றவாளியைத் தண்டிக்க வேண்டும் என்ற வாக்கியத்தோடு நிறுத்த வேண்டாம். பாதிக்கப்பட்டவருக்குச் சிகிச்சை கிடைக்கிறதா, யார் அளிக்கிறார்கள், எத்தனை நாள் அளிப்பார்கள் என்றும் ஜில்லா அதிகாரியை எழுத்து மூலம் கேட்போமாக. ஆறு மாதம் சென்றபின் மறுபடியும் கேட்போமாக. தண்டனை குற்றவாளிக்குத் தேசம் கொடுக்கும் பதில். துன்புற்றவருக்குத் தேசம் கொடுக்க வேண்டிய பதில் இன்னும் பாக்கியிருக்கிறது.