கயிறு உங்கள் கையில் இருக்கட்டும்!

அன்று மத்தியானம், பின்வீட்டு அம்மாள் பதறிக்கொண்டு வந்தார். "யக்கா, எம்மக போனைப் பிடுங்கி பீரோவுல வச்சுப் பூட்டிட்டேன்!"

விஷயம் இதுதான். ஏழாம் வகுப்புப் படிக்கும் மகள், ஒரு விளையாட்டு ஆப்பில் முகம் தெரியாத 'அக்கா' ஒருத்தியுடன் பேசி வந்திருக்கிறாள். முதலில் பாராட்டு, பிறகு பரிசு, அப்புறம், "உன் போட்டோ அனுப்பு. அம்மாகிட்ட சொல்லாதே!" பயந்துபோன பிள்ளை தானாகவே தாயிடம் வந்து சொல்லியிருக்கிறது. கிடைத்ததோ இரண்டு அறை!

யோசித்துப் பாருங்கள் சகோதரிகளே, அடுத்த தடவை அந்தக் குழந்தை வாய் திறக்குமா?

நம் தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோனது. ஆனாலும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். மூழ்குகிறவரின் கயிற்றைத் தோணியில் பிடித்திருப்பது அவருடைய மைத்துனராம். கயிறு அசைந்தால் உடனே மேலே இழுப்பார், "ஏன் அசைத்தாய்?" என்று கோபிக்க மாட்டார். குழந்தை வந்து சொல்வதும் கயிற்றை அசைப்பதுதான்!

"சர்க்கார் தடை செய்யக் கூடாதா?" என்பீர்கள். செய்தார்களே! 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, டிக்டாக் பதிவிறக்கத்தைத் தடுக்க உத்தரவிட்டது. அந்த மாதமே தடை நீங்கியது. 2020 ஜூனில், நாட்டுப் பாதுகாப்பைக் காட்டி மத்திய அரசு அதை அடியோடு தடை செய்தது. பிள்ளைகள் வேறு ஆப்புகளுக்குப் போய்விட்டார்கள். சட்டம் ஒரு வாசலை அடைக்கும். மற்ற வாசல்களில் நாம்தான் நிற்க வேண்டும்.

வீட்டில் செய்ய வேண்டியவை

1. புது ஆப் ஏற்றும்போது கூடவே உட்காருங்கள். படம் வரையும் ஆப்புக்கு நம் வீடு இருக்கும் இடம் எதற்கு? 'அனுமதி இல்லை' என்று அழுத்துங்கள்.

2. ஆண்ட்ராய்டு போனில் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்கிரீன் டைம். எந்த ஆப், எவ்வளவு நேரம் என்பதை நீங்களே நிர்ணயிக்கலாம். தெரியாவிட்டால், காலேஜ் படிக்கும் தம்பி தங்கையைக் கேளுங்கள்.

3. விளையாட்டுகளில் அந்நியர் பேசும் வசதியை அணைத்துவிடுங்கள்.

4. யு.பி.ஐ. ரகசிய எண் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டாம்.

5. இரவில் எல்லார் போனும் கூடத்தில். உங்களுடையதும்தான்!

தவறு நடந்துவிட்டால்?

வந்த செய்திகளை அழிக்காதீர்கள், அவைதான் சாட்சி. அந்த ஆளை பிளாக் செய்யுங்கள். குழந்தையின் படத்தை யாருக்கும் அனுப்பிக் காட்டாதீர்கள். உதவிக்கு 1098, பணம் பறிபோனால் உடனே 1930. "ஊர் சிரிக்குமே" என்று தயங்க வேண்டாம். 2012-ம் வருட போக்சோ சட்டப்படி, பாதிக்கப்பட்ட குழந்தையின் அடையாளத்தைப் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது.

பின்வீட்டு அம்மாள் 1098-க்குப் பேசினார். மறுநாள் மகளைக் கூப்பிட்டு, "ஏட்டி, நீ வந்து சொன்னது நல்லதாப் போச்சு. நாந்தான் அவசரப்பட்டுட்டேன். இனி எதுன்னாலும் மொதல்ல எங்கிட்ட சொல்லு, என்ன?" என்றார்.

பீரோவிலிருந்த போன் கூடத்துக்கு வந்தது. பிள்ளையின் முகத்தில் சிரிப்பும் வந்தது.