மங்குக்கு முதல் மருந்து குடை

யாழ்ப்பாணத்து அளவெட்டியின் செம்மண் தோட்டங்களில் வெங்காயம் கிண்டும் நாட்களில் காலையிலேயே வெய்யில் சுடத் தொடங்கிவிடும். குனிந்து நிற்கும் பெண்களின் இரு கன்னங்களிலும் நெற்றியிலும் மேலுதட்டிலும் பழுப்பாகப் படர்வதுதான் மங்கு. மருத்துவர்கள் மெலாஸ்மா என்பார்கள். வெய்யிலோடு பிள்ளைப்பேற்றுக் காலம், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவையும் காரணம்.

கலியாண வீடு நெருங்கினால் நாங்கள் ஓடுவது பான்சிக் கடைக்கு. அங்கே விற்கும் வெள்ளையாக்கும் கிறீம்கள் சிலவற்றில் பாதரசம் உண்டு. தோலுக்கு நிறம் தரும் மெலனின் உருவாவதை அது தடுப்பதால் முகம் கெதியில் வெளுக்கும். ஆனால் தோலுக்குள்ளால் இறங்கிச் சிறுநீரகத்தைப் பிடிக்கும். கேரளத்தின் கோட்டக்கல்லில் 2021 யூலைக்கும் 2023 செப்ரெம்பருக்கும் இடையே ஒருவகைச் சிறுநீரக நோயோடு வந்த 22 பேரில் 15 பேருக்கு நெல்-1 என்ற புரத அடையாளம் இருந்தது. அந்த 15 பேரில் 13 பேர் இத்தகைய கிறீம் பூசியவர்கள். கிறீமை நிறுத்தியதும் பெரும்பாலானோர் தேறினார்கள். இலங்கையும் சேர்ந்துள்ள மினமாட்டா உடன்படிக்கை அழகுசாதனங்களில் பாதரசத்தைத் தடுக்கிறது. டப்பாக்கள் மட்டும் வந்துகொண்டே இருக்கின்றன.

சரியான வைத்தியம் மெதுவானது. குடை, அகன்ற தொப்பி, எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிறீன்: இவை இல்லாமல் எந்த மருந்தும் நிற்காது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும் என்பதால், இரும்பு ஒக்சைட் கலந்த, தோல் நிறமுள்ள சன்ஸ்கிறீன் நல்லது. அடுத்தது நிறத்தைக் குறைக்கும் பூச்சு மருந்தான ஹைட்ரோகுவினோன். அதைத் தனியாகவோ, ட்ரெட்டினோயினும் மென்மையான ஸ்டீரொய்டும் சேர்த்தோ, சில மாதங்களுக்கு மட்டும் மருத்துவர் தருவார். பக்கத்து வீட்டுக்காரி தந்த ரியூப்பை வருடக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், சிலருக்கு நீலக்கறுப்பாகவே மாறிவிடும். கர்ப்பிணிகளுக்கு இவை ஆகாது. அவர்களுக்கு அசலெயிக் அமிலம் தரலாம். ட்ரனெக்சாமிக் அமில மாத்திரை பலன் தந்தாலும், இரத்தக்கட்டி வரலாறு உள்ளவர்கள் தொடக்கூடாது. லேசரை நான் கடைசியில்தான் வைப்பேன்: எங்கள் நிறத்தில் சூடு பட்டால் கறுப்பு இன்னும் கூடலாம். எது செய்தாலும் மங்கு திரும்பி வரக்கூடியது.

யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையில் தோல் கிளினிக் இருக்கிறது, காசில்லை. போகுமுன் வீட்டிலுள்ள டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தங்கம், வெள்ளி, அலுமினியம் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தால் அது பாதரசத்தின் அடையாளமாக இருக்கலாம். குப்பையில் எறியாமல், இறுக மூடி, பையில் கட்டி மருத்துவரிடம் காட்டுங்கள்.