குழந்தையின் முதல் பழம்!

பார்த்தால் விரல் நீளம்தான். ஆனால் பழுத்துவிட்டால் வீடெல்லாம் மணக்கும்! அதுதான் கன்னியாகுமரி மாவட்டத்து மட்டி வாழைப்பழம்.

அங்குள்ள தாய்மார்கள் குழந்தைக்கு முதலில் மசித்து ஊட்டுவது இதைத்தான். செம்மட்டி, தேன்மட்டி என்று இதிலும் வகை உண்டு. பேச்சிப்பாறைப் பக்கத்து மலையடிவாரம் இதற்கு ஏற்ற மண். கன்றை வெளியூருக்குக் கொண்டு போகலாம். ருசியைக் கொண்டு போக முடியாது என்கிறார்கள் விவசாயிகள்.

ஆனால் குலை சிறியது. வரும் காசும் அப்படித்தான்! பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் மரம் ஆண்டுக்கணக்கில் பால் கொடுக்கிறது. ஏத்தன் குலையோ கனமாக இறங்குகிறது. தோட்டக்காரர் மனம் எந்தப் பக்கம் சாயும்? போதாக்குறைக்கு, 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் வாழைத் தோட்டங்களைச் சாய்த்துவிட்டது.

2023-ல் மட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பழத்தை அந்தப் பெயரில் விற்கக் கூடாது. இனி நல்ல விலையும் கிடைத்தால், தோட்டக்காரர் மறுபடி மட்டிக் கன்று தேடுவார்.