புதுப் படகில் கொச்சியிலிருந்து கொல்லம் வரை

கொச்சியில் புது மோட்டார் படகு வாங்கிய நண்பர் ஒருவர், அதை நீர்வழியாகவே கொல்லத்திலுள்ள தம் வீட்டுக்குக் கொண்டு சென்றார். ரயில்வேயில் எஞ்சின்களோடு பழகியவன் என்பதால் என்னையும் அழைத்துக்கொண்டார். அவ்வாறு செல்ல விரும்பும் அன்பர்களுக்குச் சில குறிப்புகள்.

கோட்டப்புறம் - கொல்லம் வழி 168 கி.மீ. நீளமுடையது, 1993-இல் தேசிய நீர்வழியாக அறிவிக்கப்பட்டது. கோடையில் உப்புநீர் குட்டநாட்டு வயல்களில் ஏறாமலிருக்கத் தண்ணீர்முக்கத்தில் ஷட்டர்களை இறக்கிவிடுவார்கள். அப்போது படகுகள் லாக் வழியாகவே செல்ல முடியும்.

புது எஞ்சினை முதல் பத்து மணி நேரம் முழு வேகத்தில் தொடர்ந்து ஓட்டலாகாது. பிஸ்டன் வளையங்கள் சிலிண்டரோடு படிய வேண்டும். ஆகவே வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் ஓட்டுக.

படகின் பின்புறம் மாட்டும் எஞ்சினுக்கு ரேடியேட்டர் கிடையாது. காயல் நீரே அதைக் குளிர்விக்கிறது. எஞ்சினிலிருந்து மெல்லிய நீர்த்தாரை பீய்ச்சிக்கொண்டே இருக்கவேண்டும். அது மெலிந்தால், ஆகாயத்தாமரை நீர் உறிஞ்சும் வாயை அடைத்திருக்கலாம். எஞ்சினை நிறுத்திய பிறகே கையால் அகற்றுக.

டாங்கில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் கையிருப்பாக இருக்கட்டும். சாலையைப் போல் வழியெல்லாம் பெட்ரோல் பங்க் வராது. இருட்டியபின் ஓட்ட வேண்டாம். ஊன்றுவலைக் கம்புகள் கண்ணுக்குத் தெரியா. நாங்கள் ஆலப்புழையில் இரவு தங்கினோம்.

இதே வேம்பநாட்டுக் காயலில் 2002 ஜூலையில், முகம்மையிலிருந்து குமரகம் சென்ற படகு மூழ்கி 29 பேர் இறந்தனர். நீந்தத் தெரிந்தவரும் லைஃப் ஜாக்கெட் அணிந்தே ஏறவேண்டும். குழந்தைகளுக்கு அவரவர் அளவில் வாங்கியபின் படகை அவிழ்த்தால் போதும்.