அமிலத்தை அள்ளும் உரப்பை

"காரத் தண்ணீர் என்று போத்தலில் விற்கிறார்களே, அதைக் குடித்தால் இரத்தத்தில் உள்ள அமிலம் குறைந்து கிட்னி பிழைக்குமாமே, மெய்தானா?" என்று சவளக்கடை வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார். அம்பாறை மாவட்டத்தில் எழ வேண்டிய கேள்விதான். மாவட்டத்தின் உட்பகுதியில், தெஹியத்தகண்டி, மகாஓயாப் பக்கம், காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் விவசாயிகளை வாட்டுகிறது. கரையோரத்தாரும் பயப்படுவதில் நியாயம் உண்டு. அந்தப் பயத்தை வைத்து வியாபாரம் செய்வதில் நியாயம் இல்லை.

கணக்கைப் பாருங்கள். பீஎச் 9 உள்ள ஒரு லீற்றர் நீரில் இருக்கும் ஐதரொட்சில் அயன் 0.01 மில்லிமூல். நுரையீரலால் ஊதித்தள்ள முடியாமல் உடலில் நாளொன்றுக்குச் சேரும் அமிலமோ ஏறத்தாழ 70 மில்லிமூல். அதற்கு ஈடுகட்ட 7,000 லீற்றர் குடிக்க வேண்டும்! நீரில் கரைந்த இருகாபனேற்று கொஞ்சம் உதவலாம். ஆனால் போத்தலில் அச்சடித்த பீஎச் எண்ணைப் பார்த்து அதன் அளவை அறிய முடியாது.

அந்த அமிலத்தில் ஒரு பங்கு மதியம் சாப்பிட்ட மீன் ஆணத்திலிருந்து வருகிறது. மீன் புரதத்தில் உள்ள கந்தகம் உடலுக்குள் சல்பூரிக் அமிலமாகிறது. ஆணத்தில் பிழிந்த தேசிக்காயின் சித்திரிக் அமிலம் நாக்கைக் கூசவைத்தாலும், உடலில் எரிந்து காபனீரொட்சைட்டாகி மூச்சோடு போய்விடும்.

சிறுநீரகம் நாளொன்றுக்கு 180 லீற்றர் திரவத்தை வடிக்கிறது. அதிலுள்ள 4,300 மில்லிமூல் இருகாபனேற்றையும் அநேகமாகச் சிந்தாமல் மீட்டுக்கொள்கிறது. அதற்குப் பிறகுதான் அமிலத்தை வெளியேற்றும் வேலை. சிறுநீரின் பீஎச் 4.5 வரைதான் இறங்கும். அந்த அளவில் ஒரு லீற்றரில் தனியாகக் கரைந்து போகக்கூடிய ஐதரசன் அயன் 0.03 மில்லிமூல் மட்டுமே. 70 மில்லிமூலையும் அப்படியே கழிக்க வேண்டுமானால் 2,000 லீற்றருக்கு மேல் சிறுநீர் வேண்டும். நாம் கழிப்பதோ ஒன்றரை லீற்றர்.

கிட்டங்கித் தாம்போதிக்கு அப்பால் நெல்லை அறுத்துக் குவித்தாயிற்று, கல்முனைக்குக் கொண்டுவர ஓர் உரப்பைகூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கையால் அள்ளிக்கொண்டு எத்தனை நடை நடப்பது? சிறுநீரகம் இருந்த இடத்திலேயே பை தைத்துவிடுகிறது. வீட்டு உடுப்பைக் கிழித்துத்தான் தைக்கிறது. அந்த உடுப்பு, பெரும்பாலும் தசையிலிருந்து வரும் குளுட்டமின். அண்மைச் சிறுகுழாயின் கலம் ஒரு குளுட்டமினைக் கிழித்தால் இரண்டு அமோனியாப் பைகள் கிடைக்கும். ஒவ்வொரு பையும் ஓர் ஐதரசன் அயனைப் பிடித்து அமோனியமாகிச் சிறுநீரில் போகும். கிழிந்த மிச்சத்திலிருந்து இரண்டு புத்தம்புதிய இருகாபனேற்றுகள் இரத்தத்துக்கு வந்து சேரும்.

பை தாம்போதியைத் தாண்டாமல் வீட்டுக்கே திரும்பினால் எல்லாம் வீண். இரத்தத்தோடு கல்லீரலுக்குப் போகும் அமோனியம் யூரியாவாக மாறும்போது, சம்பாதித்த இருகாபனேற்று அத்தனையும் செலவாகிவிடும். அதனால் கடைசி வாசலிலும் ஆள் நிற்கிறது. சேகரிக்கும் குழாயில் அமோனியாவுக்கு வழிவிடுவது, இரத்த வகையில் 'பொசிட்டிவ்', 'நெகட்டிவ்' என்று நாம் சொல்கிற ரீசஸ் புரதத்தின் உறவுக்காரப் புரதம்!

பை தைக்கச் சொல்லி மூளை உத்தரவிட வேண்டியதில்லை. இரத்தத்தில் அமிலம் கூடினால் சிறுகுழாய்க் கலத்துக்குள்ளும் கூடும். அதை உணர்ந்து கலமே குளுட்டமினைப் பிளக்கும் நொதியங்களைப் பெருக்குகிறது. நாளுக்கு 30, 40 மில்லிமூலாக இருந்த அமோனியம் சில நாட்களில் 300 வரை உயர முடியும்.

இந்த அமோனியாவைச் சிறுநீரகமே உண்டாக்குகிறது என்பதை நாஷ், பெனடிக்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1921இல் காட்டினார்கள். மூலப்பொருள் குளுட்டமின் என்பதை வான் சிளைக் குழுவினர் 1943இல் உறுதிசெய்தார்கள். வரலாறு இவ்வளவு போதும்.

தெஹியத்தகண்டி நோய் முதலில் தாக்குவது இந்தச் சிறுகுழாய்களையும் அவற்றைச் சூழ்ந்த இழையத்தையும்தான். எந்தச் சிறுநீரக நோயானாலும், பை தைக்கும் இடங்கள் குறையக் குறைய அமிலம் உள்ளே தங்கும். நாளடைவில் தசையும் எலும்பும் கரையும். இரத்தத்தின் இருகாபனேற்று லீற்றருக்கு 22 மில்லிமூலுக்குக் கீழே இறங்குவது அமிலம் உள்ளே தங்குவதற்கான அறிகுறி.

அப்போது மருத்துவர் சோடியம் இருகாபனேற்றுக் குளிசை எழுதக்கூடும். அதுவும் எல்லாருக்கும் ஒரேமாதிரி வேலை செய்வதில்லை. லண்டனில் 134 நோயாளிகளிடம் நடத்தி 2009இல் வெளியான ஆய்வில் நோயின் வேகம் தணிந்தது. பிரித்தானியாவில் 60 வயதும் அதற்கு மேலுமான 300 பேரிடம் நடத்தி 2020இல் வெளியான ஆய்விலோ பயன் தென்படவில்லை. ஆளையும் இரத்தப் பரிசோதனையையும் பார்த்து மருத்துவர் முடிவெடுக்க வேண்டிய விடயம் இது. வாசகருக்காக ஒரு கணக்கு: 500 மில்லிகிராம் குளிசை ஒன்றில் இருக்கும் இருகாபனேற்று ஏறத்தாழ 6 மில்லிமூல். அதே அளவு ஐதரொட்சில் அயன் வேண்டுமானால் பீஎச் 9 தண்ணீரை 600 லீற்றர் குடிக்க வேண்டும்.