அணைத்த பிரிண்டர் பேசுகிறது!

ஆடி மாதம். திருத்தங்கலில் என் சித்தப்பா வேலை பார்த்த அச்சகத்தில் தலைக்கு மேல் வேலை. ஆடி 18 அன்று புது காலண்டர் ஆல்பம் வெளியாக வேண்டுமே! அந்த நேரம் பார்த்து டிசைன் அறையில் எதுவும் நகரவில்லை. ஃபைல் திறக்கவில்லை, பிரிண்ட் வரவில்லை.

மூலையில் இருந்த சுவிட்ச் பெட்டியைப் பார்த்தேன். எல்லா ஒயர்களும் வந்து சேருகிற பெட்டி அது. அதன் பச்சை விளக்குகள் அத்தனையும் ஒன்றாகப் படபடத்தன.

வழக்கமாக ஒரு கம்ப்யூட்டர் அனுப்புவது உரியவருக்கு மட்டும்தான் போகும். முகவரி தெரியாவிட்டால்தான், “இந்த எண் யாருடையது?” என்று தண்டோரா போடும். அந்தக் கேள்வி எல்லோருக்கும் போகும். உரியவர் மட்டும் பதில் சொல்வார். இதற்கு ஏ.ஆர்.பி. என்று பெயர். 1982-இல் டேவிட் பிளம்மர் எழுதிவைத்த முறை.

லேப்டாப்பைச் செருகி வயர்ஷார்க்கைத் திறந்தேன். ஒயரில் போகிறதையெல்லாம் காட்டும் மென்பொருள் இது. ஒரே கேள்வி ஆயிரக்கணக்கில் கொட்டியது. கேட்டது யார்? பிரிண்டர்! உடனே அதை அணைத்தோம்.

கேள்வி நிற்கவில்லை.

அணைத்த பிரிண்டர் எப்படிப் பேசும்? எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. இது புதிய குரல் இல்லை. பழைய குரலே சுற்றிச் சுற்றி வருகிறது!

சுவிட்சில் பாதி ஒயர்களை உருவினேன். விளக்குகள் அடங்கின. அப்படியென்றால் கோளாறு அந்தப் பாதியில். அதிலும் பாதியைத் திரும்பச் செருகினேன்... இப்படியே நாலு தடவையில் ஒரு நீல ஒயர் சிக்கியது. அதன் இரண்டு முனையும் அதே சுவிட்சில்! தரையில் கிடந்த முனையை யாரோ நல்ல மனசோடு செருகியிருக்கிறார்கள். ஒரு துளை வழியே போன தண்டோரா மறு துளை வழியே திரும்பி வந்தது. சுவிட்ச் அதைப் புதிது என்று நினைத்து மறுபடி எல்லோருக்கும் அனுப்பியது.

நம்ம ஊர்ச் சரவெடி எவ்வளவு நீளமானாலும் மருந்து தீர்ந்ததும் அடங்கிவிடும். இந்தத் தண்டோராவுக்கோ தீர்ந்துபோக எதுவுமே இல்லை. ‘இத்தனை சுற்றோடு நில்’ என்ற கணக்கு ஈதர்நெட் செய்தியில் கிடையாது. இந்த வளையத்தைச் சுவிட்சுகள் தாங்களே கண்டுபிடித்து ஒரு வழியை அடைத்துக்கொள்ளும் முறையை 1985-இல் ரேடியா பெர்ல்மன் என்ற அம்மையார் உருவாக்கினார். அழகான யோசனை! ஆனால் விலை குறைந்த சுவிட்சுகள் பலவற்றில் அது இருப்பதில்லை.

நீல ஒயரை உருவியதும் விளக்குகள் தனித்தனியாகச் சிமிட்டத் தொடங்கின. பிரிண்டரைப் போட்டோம். காத்திருந்த காலண்டர் படங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.