முகப்புப் பக்கமும் வாசல் காவலும்

1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தன்னார்வலர்கள் தட்டச்சு செய்த தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாக வைத்தது. நிபந்தனை ஒன்றுதான்: யாரும் நகலெடுக்கலாம், கொடுக்கலாம், முகப்புப் பக்கம் மட்டும் சிதையக் கூடாது. தட்டச்சு செய்தவர், மெய்ப்புப் பார்த்தவர் பெயர்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆசிரியன் மரணித்துவிட்டான் என்று சிறுபத்திரிகைகளில் எழுதிக் குவித்தாயிற்று. தட்டச்சு செய்தவர் கதை வேறு.

செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் க்ராலர்கள், அதாவது பக்கம் பக்கமாகப் போய் எழுத்தை அள்ளிவரும் தானியங்கி நிரல்கள், கொண்டுபோகும் பிரதி இயந்திரத்துக்குள் கரைந்தபின் அதற்கு முகப்பு கிடையாது.

சரி, கதவைச் சாத்திட்டா போச்சு என்கிறார்கள். எந்தக் கதவை? 1994இல் மார்ட்டின் கோஸ்டர் முன்மொழிந்த ரோபோட்ஸ்.டிஎக்ஸ்டி வாசலில் மாட்டும் அறிவிப்புப் பலகைதான். ‘வராதே’ என்று எழுதலாம், வந்தால் தடுக்காது. 2022இல் அதை முறைப்படுத்திய ஆவணமே, இது அனுமதிக் கட்டுப்பாடு ஆகாது என்று கைகழுவிவிடுகிறது.

விக்கிமீடியா 2025 ஏப்ரலில் ஒரு கணக்கு சொன்னது. பக்கப் பார்வைகளில் இயந்திரங்களின் பங்கு சுமார் 35 விழுக்காடு. அதிகச் செலவு பிடிக்கும் வருகையிலோ 65. பலர் படிக்கும் பக்கத்தின் நகல் வாசகருக்கு அருகிலுள்ள சர்வரில் தயாராக இருக்கும். யாரும் தொடாத பக்கத்தை மைய சர்வரிலிருந்து எடுத்துவர வேண்டும். மனுசன் நாலு பக்கம் பார்ப்பான். க்ராலர் எல்லாத்தையும் புரட்டும். ஆக, விளிம்பில் கிடக்கும் பிரதிகளுக்குத்தான் செலவு ஏறுகிறது. முந்நூறு பிரதி அச்சான இதழ்களை ஏற்றி வைத்திருக்கும் ஒரு தளத்தை எண்ணிப் பாருங்கள்.

2025இல் வந்த அனூபிஸ் என்கிற கட்டற்ற மென்பொருள், உள்ளே வரும் உலாவியிடம் ஒரு கணக்குப் புதிரைக் கொடுக்கிறது. ஒரு பக்கம் கேட்பவருக்குச் சில நொடி. லட்சம் பக்கம் கேட்பவனுக்குச் சுமை. ஆனால் பழங்காநத்தத்தில் பழைய கைபேசியில் படிக்கும் மாணவிக்கு அந்த நொடி நீளும். நிறுவனம் இன்னும் பத்துக் கணினியை வாடகைக்கு எடுத்துக்கொள்ளும். (இருந்தும், சர்வர் வாடகையைக் கைக்காசில் கட்டுகிறவரிடம் இதைப் போடாதீர்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.)

சட்டமோ? 2024 நவம்பரில் ஏஎன்ஐ தில்லி உயர்நீதிமன்றத்தில் ஓபன்ஏஐ மீது வழக்குத் தொடர்ந்தபோது, அந்தத் தளத்தைத் தடைப்பட்டியலில் சேர்த்தாயிற்று என்றது எதிர்த்தரப்பு. அதே செய்தி சந்தாதாரர் தளங்களிலும் கிடக்கிறதே! 2025 டிசம்பரில் ஒன்றிய அரசின் தொழில் ஊக்குவிப்புத் துறை வெளியிட்ட குழு அறிக்கை, கட்டாய உரிமத்தை முன்வைத்தது: பணம் உண்டு, மறுக்கும் உரிமை கிடையாது. பதிப்புரிமை காலாவதியான நூலைத் தட்டச்சு செய்தவர் இந்தக் கணக்கில் வரவே மாட்டார். அவர் பணமும் கேட்கவில்லை. எந்த நூலை எந்தத் தளத்திலிருந்து எடுத்தீர்கள் என்ற பட்டியலையாவது நாம் கேட்டு வாங்க வேண்டும்.